பழைய மடிக்கணினியின் நினைவகத்தைப் பரணில் தூங்க விடலாமா?



வைகை அணைக்குச் சுற்றுலா சென்றிருக்கிறீர்களா? தேனி மாவட்டத்தில் ஆண்டிபட்டிக்கு அருகே உள்ள இந்த அணையை 1959-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் அன்றைய முதலமைச்சர் காமராஜர் திறந்து வைத்தார். அணையில் 71 அடி உயரத்திற்கு நீரைத் தேக்கலாம். மழைக்காலத்தில் நீர்மட்டம் 66 அடியைத் தொட்டதும் கரையோர மக்களுக்கு முதல் எச்சரிக்கை விடுப்பார்கள். 68.5 அடியில் இரண்டாவது எச்சரிக்கை. 69 அடியில் மூன்றாவது. கோடையிலோ, மட்டம் ஓர் அடி இறங்கினாலும் அது செய்தித்தாளில் வந்துவிடும். மதுரைக்குக் குடிநீரும், பல மாவட்டங்களின் வயல்களுக்குப் பாசன நீரும் இங்கிருந்துதானே போக வேண்டும்!

இந்தத் தண்ணீர் முழுவதும் வைகை ஆற்றிலேயே பிறந்ததா? இல்லை. மேற்கே அரபிக் கடலை நோக்கி ஓடும் பெரியாற்றின் நீரில் ஒரு பகுதி, மலையைக் குடைந்து அமைத்த சுரங்க வழியாகக் கிழக்குச் சரிவுக்கு வருகிறது. பென்னிகுவிக் என்ற பொறியாளரின் தலைமையில் கட்டப்பட்ட முல்லைப்பெரியாறு அணை 1895-ஆம் ஆண்டு முதல் இந்த வேலையைச் செய்து வருகிறது. அந்த நீர்தான் கம்பம் பள்ளத்தாக்கில் இருபோக நெல்லை விளைவித்துவிட்டு, வைகை அணைக்கும் வந்து சேருகிறது. ஒரு சரிவுக்கு உரியதாக இருந்த நீர், இடையில் ஒரு வழி கிடைத்ததால் மறு சரிவுக்குப் பயன்படுகிறது.

கம்ப்யூட்டரைப் பற்றிச் சொல்ல வந்தவன் அணைக் கதை ஏன் சொல்கிறேன் என்று நினைக்கிறீர்களா? காரணம் இருக்கிறது. உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு சிறு நீர்த்தேக்கம் தூங்கிக் கொண்டிருக்கலாம்!

2011-ஆம் ஆண்டு செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. அடுத்து வந்த ஆண்டுகளில் பல லட்சம் மாணவர்கள் அவற்றைப் பெற்றனர். உங்கள் அண்ணனோ அக்காவோ சித்தப்பாவோ அப்படிப் பெற்ற ஒரு மடிக்கணினி இன்று திரை உடைந்தோ, பாட்டரி செத்தோ, விசைகள் உதிர்ந்தோ கிடக்கலாம். "அது போய்விட்டது" என்று வீட்டில் சொல்லியிருப்பார்கள். ஆனால் எது போயிற்று? திரை போனால் திரைதான் போயிற்று. உள்ளே இருக்கும் நினைவகப் பலகை, அதாவது நாம் ரேம் என்று சொல்லும் உறுப்பு, பெரும்பாலும் நல்ல நிலையிலேயே இருக்கும்.

இன்னொரு பக்கம், பள்ளியிலோ பக்கத்து வீட்டிலோ ஒரு பழைய மேசைக் கணினி நினைவகம் போதாமல் தள்ளாடிக் கொண்டிருக்கும். ஒரு படத்தைத் திறந்தால் நின்றுவிடும். இங்கே உபரி, அங்கே பற்றாக்குறை. இரண்டுக்கும் நடுவில் ஒரு சுரங்க வழி வெட்ட முடியாதா?

முடியும், சில நிபந்தனைகளோடு. அந்த நிபந்தனைகளைக் கற்று, சோதித்துப் பார்த்து, பழைய நினைவகத்தை மறுபடி வேலைக்குக் கொண்டுவர வேண்டும் என்பதே என் கருத்து. காரணங்களைச் சொல்கிறேன். சரியா தவறா என்று நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

ஒழுகும் தொட்டிகள்

முதலில் இந்த நினைவகம் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். ஐ.பி.எம். நிறுவனத்தின் விஞ்ஞானி ராபர்ட் டென்னார்டு 1966-ஆம் ஆண்டில் இதற்கான எண்ணத்தைக் கண்டார். 1968-இல் காப்புரிமை பெற்றார். அவர் சொன்ன வழி மிக எளியது. ஒரு டிரான்சிஸ்டர், ஒரு மின்தேக்கி, இவ்விரண்டும் சேர்ந்தால் ஒரு நினைவுச் செல். மின்தேக்கி என்பது மின்னூட்டத்தைத் தேக்கி வைக்கும் தொட்டி. டிரான்சிஸ்டர் அதன் மடை. தொட்டி நிறைந்திருந்தால் 1, காலியாக இருந்தால் 0.

2 ஜி.பி. அளவுள்ள ஒரு ரேம் பலகையில் இத்தகைய தொட்டிகள் எத்தனை தெரியுமா? ஏறத்தாழ 1,718 கோடி! இந்தத் தொட்டிகள் எல்லாமே ஒழுகுபவை. அதனால் ஒவ்வொரு தொட்டியையும் 64 மில்லி விநாடிக்கு ஒரு முறை, அதாவது விநாடிக்குப் பதினைந்து பதினாறு முறை, படித்துப் பார்த்து மறுபடி நிரப்பிக் கொண்டே இருக்க வேண்டும். மின்சாரம் நின்றால் எல்லாம் வடிந்துவிடும். கணினியை அணைத்ததும் ரேமில் இருந்தவை மறைந்து போவது இதனால்தான்.

மடிக்கணினியின் ரேமிலும் மேசைக் கணினியின் ரேமிலும் இருப்பவை இதே தொட்டிகள்தாம். ஒரே தலைமுறையைச் சேர்ந்தவையாக இருந்தால் சில்லுகளின் குணமும் ஒன்றே. வேறுபாடு பலகையின் வடிவில் இருக்கிறது. மேசைக் கணினிப் பலகை ஏறக்குறைய 13.3 சென்டிமீட்டர் நீளம் உள்ளது. இதன் பெயர் டிம். மடிக்கணினிப் பலகை அதில் பாதி, 6.8 சென்டிமீட்டர்தான். இதன் பெயர் சோடிம். டி.டி.ஆர்.3 என்ற தலைமுறையில் டிம் பலகையின் விளிம்பில் 240 தொடுமுனைகள் இருக்கும், சோடிம் பலகையில் 204 இருக்கும். ஆயினும் தரவு செல்லும் கம்பிகள் இரண்டிலும் 64 தான்!

ஆகவே ஒரு நீளமான பலகையின் மேல் சோடிம் செருகும் ஸ்லாட் ஒன்றைப் பொருத்தி, அதன் முனைகளைக் கீழ் விளிம்பில் உள்ள டிம் முனைகளோடு உரியபடி இணைத்துவிட்டால் போதும். இதுதான் அடாப்டர். கணினி உதிரிபாகங்களை விற்பவர்களிடம் கிடைக்கிறது.

அடாப்டரால் முடியாதது

இங்கே ஓர் எச்சரிக்கை, அணையின் 66 அடி எச்சரிக்கையைப் போல. மலைச் சுரங்கம் தண்ணீரின் வழியை மாற்றுகிறது. தண்ணீரைப் பாலாக மாற்றாது. அடாப்டரும் அப்படியே. ஒரு தலைமுறை நினைவகத்தை மறு தலைமுறையாக மாற்ற அதனால் முடியாது.

டி.டி.ஆர்.2 நினைவகத்திற்கு 1.8 வோல்ட் மின்னழுத்தம் வேண்டும். டி.டி.ஆர்.3-க்கு 1.5 வோல்ட், டி.டி.ஆர்.4-க்கு 1.2 வோல்ட், டி.டி.ஆர்.5-க்கு 1.1 வோல்ட். கணினி அவற்றுக்குக் கட்டளையிடும் முறையும் தலைமுறைக்குத் தலைமுறை மாறுகிறது. ஒன்றின் ஸ்லாட்டில் மற்றொன்று நுழையாதபடி பலகையின் விளிம்பில் ஒரு வெட்டு வைத்து, அதன் இடத்தையும் மாற்றியிருக்கிறார்கள். நுழையவில்லையே என்று அழுத்தித் திணிக்காதீர்கள். அந்த வெட்டு உங்களைக் காப்பாற்றவே வைக்கப்பட்டது.

டி.டி.ஆர்.3-இல் மட்டும் ஓர் உட்பிரிவு உண்டு. 1.35 வோல்ட்டில் இயங்கும் டி.டி.ஆர்.3எல் என்ற வகை அது. இதை 1.5 வோல்ட் தரும் கணினியிலும் போடலாம். இரண்டையும் தாங்கும்படிதான் வகுத்திருக்கிறார்கள். ஆனால் 1.35 வோல்ட் மட்டுமே தரும் கணினியில் 1.5 வோல்ட் பலகையைப் போடக் கூடாது.

இவற்றை எல்லாம் எங்கே பார்ப்பது? பலகையின் மேல் ஒட்டியுள்ள சீட்டில்! ஆங்கில எழுத்துகளில் பி.சி.3எல்-12800எஸ் என்று அச்சிட்டிருந்தால், '3' என்பது தலைமுறை, 'எல்' என்பது குறைந்த மின்னழுத்தம், 'எஸ்' என்பது சோடிம். 12800 என்ன? அது ஒரு கணக்கு. இந்த ரேம் விநாடிக்கு 160 கோடி முறை தரவை அனுப்பும். ஒரு முறைக்கு 64 பிட், அதாவது 8 பைட். 1,600 மில்லியனை 8-ஆல் பெருக்கிப் பாருங்கள். விநாடிக்கு 12,800 மெகாபைட்!

இது தவிர, பலகையின் ஓரத்தில் ஒரு குட்டிச் சில்லு இருக்கும். கொள்ளளவு, வேகம், கால அளவுகள் எல்லாம் அதில் எழுதப்பட்டிருக்கும். கணினி விழித்தெழுந்ததும் முதலில் அதைத்தான் படிக்கிறது. ரேமின் ஜாதகம் என்று இதைச் சொல்லலாம். தயாரித்தவர்களே அளந்து எழுதிய ஜாதகம் என்பதால் நம்பலாம்!

ஓர் அடிக்கோல் கணக்கு

"முனைகளை இணைத்துவிட்டால் சரி, அடாப்டரில் வேறென்ன குறை?" என்று கேட்பீர்கள். அதையும் கணக்கிட்டே பார்ப்போம்.

விநாடிக்கு 160 கோடி முறை என்றால் ஒரு பிட்டுக்குக் கிடைக்கும் நேரம் 0.625 நானோ விநாடி. மின்சுற்றுப் பலகையில் மின்குறிகை ஒரு நானோ விநாடியில் சுமார் 15 சென்டிமீட்டர் செல்லும். ஆகவே ஒரு பிட்டின் நேரத்தில் அது கடக்கும் தூரம் 9 சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம். உங்கள் ஜியோமெட்ரி பெட்டியில் உள்ள அடிக்கோலில் அளந்து பாருங்கள். அவ்வளவு குறுகிய தூரம்! அடாப்டரோ வழியைச் சில சென்டிமீட்டர் நீட்டுகிறது. கூடவே இன்னொரு ஸ்லாட்டையும் நடுவில் புகுத்துகிறது. வாய்க்காலில் ஓடும் நீர் மதகில் மோதினால் அலை பின்னோக்கி வருகிறதல்லவா? அதுபோல மின்குறிகையும் இணைப்பு மாறும் இடங்களில் ஓரளவு எதிரொலித்துத் திரும்பும். திரும்பிய அலை அடுத்த பிட்டோடு கலந்தால் 1 என்பது 0 ஆகப் படிக்கப்படலாம்.

மெதுவான பழைய நினைவகங்களில் இந்தக் குறை பெரும்பாலும் தாங்கக் கூடியதே. டி.டி.ஆர்.5-இல் நிலைமை வேறு. அதன் தொடக்க வேகங்களில் ஒன்றான 4,800-இல் ஒரு பிட்டின் நேரத்தில் குறிகை செல்வது 3 சென்டிமீட்டரே. அங்கே அடாப்டரை நம்புவது சூதாட்டத்திற்குச் சமம்.

ஒரு பிட் மாறினால் என்ன பெரிதாகக் கெட்டுவிடும்? கணினி எழுத்துக் குறியீட்டில் '7' என்ற எண் 00110111 என்று எழுதப்படும். '3' என்பது 00110011. இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே ஒரு பிட்தான் வித்தியாசம்! அந்த ஒரு பிட் தவறினால் 73 என்ற மதிப்பெண் 33 ஆகிவிடும். தேர்ச்சி பெற்ற மாணவி தோற்றவராவாள். கணினி எந்தச் சத்தமும் போடாது.

ஆகவே பள்ளி அலுவலகத்தில் மதிப்பெண் பதியும் கணினியிலும், கடைக்கணக்கு வைத்திருக்கும் கணினியிலும் அடாப்டர் போட வேண்டாம். நீங்கள் தட்டச்சுப் பழகவும், நிரல் எழுதிப் பார்க்கவும், பாடப் படங்கள் காணவும் உள்ள கணினிக்கு அது போதும்.

"புதிதாக வாங்கினால் என்ன?"

இத்தனை தொல்லை எதற்கு, புது ரேம் வாங்கிவிட்டால் ஆயிற்று என்று சிலர் சொல்வார்கள். நியாயமான கேள்விதான். உங்கள் மேசைக் கணினிக்கு உரிய, யாரோ கழற்றிக் கொடுத்த டிம் பலகை அடாப்டரை விட மலிவாகக் கிடைத்தால், தாராளமாக அதையே வாங்குங்கள். அதுவும் மறுபயன்தானே! உறுதியும் கூடுதல்.

ஆனால் புதுச் சில்லுக்கு நாம் கடையில் தரும் விலை மட்டுமா விலை? சில்லு செய்யும்போது ஒவ்வொரு படியிலும் அதை அதிசுத்தமான நீரால் கழுவ வேண்டும். 2021-ஆம் ஆண்டு தைவான் தீவில் கடும் வறட்சி வந்தது. உலகின் பெரிய சில்லுத் தொழிற்சாலைகள் அங்கேதான் இருக்கின்றன. என்ன நடந்தது தெரியுமா? பெரும் பரப்பு வயல்களுக்குப் பாசன நீரை நிறுத்தினார்கள். உழவர்களுக்கு இழப்பீடு கொடுத்து நிலத்தைத் தரிசாகப் போடச் சொன்னார்கள். தொழிற்சாலைகளோ லாரிகளில் தண்ணீர் வரவழைத்து வேலையைத் தொடர்ந்தன.

வைகைப் பாசனத்தில் வாழும் மாணவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மதகு திறக்காத ஆண்டு எப்படி இருக்கும் என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். எங்கோ ஒரு வயலுக்குப் போக வேண்டிய நீரும் சேர்ந்தே அந்தச் சிறு பலகை உருவாகியிருக்கிறது. நல்ல நிலையில் உள்ள ரேமைக் குப்பையில் எறிவது, கோடையில் யாருக்கும் பயனின்றி மதகைத் திறந்து விடுவதைப் போன்றது.

பண விலையும் எப்போதும் இறங்கிக் கொண்டே இருப்பதில்லை. 2025-ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் நினைவகங்களின் விலை உலகெங்கும் கிடுகிடுவென ஏறியது. செயற்கை நுண்ணறிவுக்காகக் கட்டப்படும் பெரிய தரவு மையங்கள் சில்லுகளை அள்ளிக் கொண்டதே காரணம். பற்றாக்குறைக் காலத்தில்தான் கையிருப்பின் அருமை தெரிகிறது.

செய்து பார்க்கும் முன்

ஆசிரியரையோ, பழகிய பெரியவரையோ பக்கத்தில் வைத்துக் கொண்டுதான் இதைச் செய்ய வேண்டும். மடிக்கணினியின் பாட்டரி உப்பியிருந்தால் அதைத் தொடவே வேண்டாம். லித்தியம் பாட்டரி தீப்பிடிக்கக் கூடியது.

மேசைக் கணினியின் விவரத்தை முதலில் பாருங்கள். எந்தத் தலைமுறை, மொத்தம் எத்தனை ஜி.பி. ஏற்கும் என்று குறித்துக் கொள்ளுங்கள். திரையோடு சேர்ந்த ஒற்றைக் கணினிகளும் கையடக்கமான சிறு கணினிகளும் பல, நேராகவே சோடிம் பலகையை ஏற்பவை. அவற்றுக்கு அடாப்டரே தேவையில்லை! அடாப்டர் வேண்டியிருந்தால் உயரத்தையும் அளந்து பாருங்கள். அது சாதாரண ரேமை விட உயரமாக நிற்கும். மேலே உள்ள மின்விசிறியில் இடிக்கலாம்.

பிறகு மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்குங்கள். மடிக்கணினியின் பாட்டரியையும் கழற்றுங்கள். தரையிணைப்புள்ள ஓர் உலோகத்தைத் தொட்டு, உடம்பில் உள்ள நிலைமின்சாரத்தைப் போக்குங்கள். பலகையின் ஓரங்களை மட்டும் பிடியுங்கள். பொன்னிற முனைகளில் விரல் படக் கூடாது. பொருத்திய பின் மெம்டெஸ்ட்86+ என்ற இலவச மென்பொருளை இரவு முழுவதும் ஓட விடுங்கள். அது ஒவ்வொரு தொட்டியிலும் 1, 0 என மாற்றி மாற்றி எழுதிப் படித்துப் பார்க்கும். காலையில் ஒரு பிழை காட்டினாலும் அந்தப் பலகையைக் கழற்றிவிடுங்கள். "ஒன்றுதானே" என்று விடக் கூடாது. 73 எப்படி 33 ஆயிற்று என்பது நினைவிருக்கிறதல்லவா?

கேட்க வேண்டிய கேள்வி

இன்னும் ஒன்று சொல்லி முடிக்கிறேன். பரணில் உள்ள பழைய மடிக்கணினியின் ரேமை நாம் கழற்ற முடிவது எதனால்? அது ஸ்லாட்டில் செருகப்பட்டிருப்பதால். அதன் அளவும் முனைகளும் உலகம் முழுவதற்கும் பொதுவான தரத்தில் இருப்பதால். இன்று வரும் மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் ரேமைத் தாய்ப்பலகையிலேயே பற்றவைத்து விடுகிறார்கள். இடம் மிச்சம், வேகம் கூடுதல் என்று காரணம் சொல்கிறார்கள். அது பொய்யல்ல, குறிகையின் தூரத்தை நாமே கணக்கிட்டோமே! ஆனால் அப்படிப்பட்ட கணினி பழுதானால் அதிலுள்ள நினைவகமும் அதோடு போய்விடும். எந்தச் சுரங்கமும் அதை வெளியே கொண்டுவராது.

வேகமும் வேண்டும், கழற்றவும் வேண்டும் என்றால் வழியில்லையா? இருக்கிறது. நினைவகங்களுக்குத் தரம் வகுக்கும் ஜெடெக் என்ற அமைப்பு 2023-ஆம் ஆண்டு டிசம்பரில் காம்2 என்ற புதிய வடிவத்தை வெளியிட்டது. இது தாய்ப்பலகையின் மேல் படுத்த நிலையில் திருகாணியால் பொருத்தப்படுவது. வழி குறுகியது, வேண்டும்போது கழற்றலாம். மடிக்கணினிக்காகப் பிறந்த இந்த வடிவத்தை ஏற்கும் மேசைக் கணினித் தாய்ப்பலகை 2024-இல் தைபே கண்காட்சியில் வைக்கப்பட்டது. நம் நாட்டிலும் 2022 டிசம்பரில் நடுவண் அரசு 'பழுது பார்க்கும் உரிமை' என்ற இணையவாசலைத் தொடங்கியிருக்கிறது.

ஆகவே உங்கள் வீட்டில் அடுத்த கணினி வாங்கும்போது, "எத்தனை ஜி.பி.?" என்று மட்டும் கேட்காதீர்கள். "இதன் ரேமைக் கழற்ற முடியுமா?" என்றும் கேளுங்கள். பலர் கேட்டால் தயாரிப்பவர்கள் காதில் விழும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை பெரியவர்களின் அனுமதியோடு பரணில் உள்ள அந்த மடிக்கணினியை இறக்குங்கள். அடிப்பக்கத்து மூடியைக் கழற்றி, ரேமின் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று குறிப்பேட்டில் எழுதிக் கொள்ளுங்கள். உங்கள் வகுப்பில் எத்தனை பேர் வீட்டில் எத்தனை ஜி.பி. தூங்குகிறது என்று கூட்டிப் பாருங்கள். அணையில் நீர்மட்டத்தைக் குறிப்பதைப் போல அந்தக் கணக்கை வகுப்பறைப் பலகையில் எழுதுங்கள். எங்கே பற்றாக்குறை, எங்கே திருப்பி விடலாம் என்பதை அடுத்து ஆசிரியரோடு பேசி முடிவு செய்யலாம்.